கரையோர வழி – 6: ஊர் போனது, வீடு நின்றது

கற்பிட்டிக் குடாநாட்டை எழுத்தோடு சேர்த்து நினைத்தால் முதலில் வரும் பெயர் சைமன் காசிச்செட்டி. 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் சாதிகளையும் அகரவரிசையில் விவரிக்கும் இலங்கைக் கசற்றியரை 1834இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் 1859இல் ஆங்கிலத்தில் தந்தார். நிலத்தைப் பதிவு செய்தவர் என்றாலும் அவர் நாவலாசிரியர் அல்லர். ஊர்களைக் கதைக்குள் கொண்டுவந்தவர் ஒருவரை, அந்த ஊரிலேயே கொண்டாடுவதைக் காண வேண்டுமானால் இந்தக் குடாநாட்டின் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து தெற்கே நெடுந்தூரம் போக வேண்டும்.

குறிஞ்சிப்பிட்டி குடாநாட்டின் மணல் மண்ணில் அமைந்த ஊர். குடாநாட்டுக்கு ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். கிணற்று நீரை நம்பி வெங்காயமும் மிளகாயும் போடுகிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல்தொழில் மந்தமாகிவிடுகிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தது இந்தப் பக்கத்துக்குத்தான். நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் எழுந்ததும் இதே குடாநாட்டில்தான். ஒரு தலைமுறைக்குள் நிலமும் மனிதரும் இவ்வளவு மாறிய கரை நாவலுக்கு உகந்த களம். ஆனால் களம் இருந்தால் போதாது, எழுதியவரும் வேண்டும்.

பாலாவிச் சந்தியில் புத்தளம் வீதியைப் பிடித்து, சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு கடந்து காலி வீதியில் இறங்கினால் காலிக்கும் மாத்தறைக்கும் இடையில் கொக்கலை வரும். வழி பெரும்பாலும் கரையோரம். சிங்கள நாவலின் பெரும் பெயரான மார்ட்டின் விக்கிரமசிங்க 1890 மே 29இல் பிறந்தது இங்கேதான். 1914இல் 'லீலா'வுடன் தொடங்கிய அவரது எழுத்து, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1944இல் 'கம்பெரலிய'வில் முழு வலிமை பெற்றது. தென்மாகாணக் கிராமமொன்றில் பழைய பெருங்குடும்பம் ஒன்று சரிந்து, வணிகம் செய்து முன்னேறியவர்கள் மேலே வருவதே அதன் கதை. எம். எம். உவைஸ் இதைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழில் தந்தார். 1947இல் வந்த 'மடோல் தூவ' பிள்ளைகளின் கதை. அதன் தீவு கொக்கலைக் களப்பிலிருக்கும் தீவு.

அவர் எழுதிக் கொண்டிருந்த காலத்திலேயே அவருடைய ஊர் இல்லாமல் போனது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை கொக்கலைக் களப்பைக் கடல்விமானத் தளமாக்கியது. மிகக் குறுகிய அவகாசத்தில் குடிமக்கள் எழுப்பப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. 1942 ஏப்ரல் 4 அன்று இங்கிருந்து புறப்பட்ட கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல்தான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. போர் வரலாறு கொக்கலையை இந்தச் செய்திக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஊரவர் நினைவில் இருப்பது காணாமற்போன வீடுகள். விக்கிரமசிங்க பிறந்த வீடு இடிபடாமல் தப்பியது.

அந்த வீட்டைச் சுற்றித்தான் இன்றைய நினைவிடம். ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரையும் தடித்த சுவருமாய் நிற்கும் சிறிய வீடு. அவர் பிறந்த அறையை அங்கே பார்க்கலாம். அருகில் அவரது சமாதி. 1976 ஜூலை 23இல் மறைந்த அவருடைய பெயரிலான அறக்கட்டளை 1981இல் இங்கே நாட்டார் அருங்காட்சியகத்தைத் திறந்தது. மாட்டு வண்டிகள், மீன்பிடிக் கலங்கள், மண்பாண்டங்கள், முகமூடிகள், பொம்மலாட்டப் பாவைகள், விளையாட்டுப் பலகைகள் என்று அடுக்கியிருக்கிறார்கள். வளவில் நாட்டு மரங்கள் நிழல் கட்டி நிற்கின்றன. கதைகளில் வரும் வீட்டுச் சாமான்களைத் தேடி வரும் வாசகருக்கு இந்தக் கண்ணாடிப் பெட்டிகளே ஊர். மே 29 பிறந்தநாளை ஒட்டி நினைவுகூர்தல் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வருகிறார்கள்.

இப்படிக் கொண்டாடுவதில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தாளரைப் போற்றுவதாகச் சொல்லி, அவர் விமர்சித்த பழைய வாழ்வைப் பொன்முலாம் பூசி வைப்பது எளிது. பழைய குடும்பத்தின் சரிவைக் கண்கலங்காமல் எழுதியவருக்கு அழகிய வண்டியும் அழகிய பானையும் மட்டும் போதுமா? கொக்கலைக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஊரே போய்விட்டதால் பொருள்கள்தான் மிச்சம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் 'கம்பெரலிய'வைப் படமாக்கியபோது பலப்பிட்டியின் பழைய மாளிகையொன்றில்தான் படமெடுத்தார்.

கேரளத்தில், பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் வேறு வகை. ஓ. வி. விஜயனின் சகோதரி 1956இல் அங்கே ஓராசிரியர் பள்ளிக்கு நியமிக்கப்பட்டார். உடன் போய்த் தங்கிய விஜயன் அந்தக் கிராமத்தைக் கசாக் என்ற கற்பனை ஊராக மாற்றி 1969இல் நாவல் வெளியிட்டார். தஸ்ராக்கில் உள்ள 'ஞாற்றுப்புரை' என்ற வீடு இன்று நினைவிடம். வயலும் கரிம்பனையும் நாவலில் உள்ளபடியே சுற்றிலும் இருக்கின்றன. இன்னொரு வகையும் உண்டு. ஜாய்ஸின் 'யுலிசீஸ்' நாவல் நடக்கும் ஜூன் 16ஆம் தேதியை டப்ளின் நகரில் 1954இல் முதன்முதலாகக் கொண்டாடியபோது, குதிரை வண்டிகளில் நாவலின் வழியே புறப்பட்ட எழுத்தாளர்கள் பாதி வழியில் மதுக்கடையோடு பயணத்தை முடித்துக்கொண்டார்கள். விழாக்களில் இதுவே நேர்மையானது என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன் சொந்த ஊரான இடைசெவலில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் எழுப்பினார்கள். அவர் எழுதிய கரிசல் மண் இன்னும் கரிசலாகவே இருப்பது அங்கே பெரும் வசதி.

கொக்கலையில் மாலைக்கும் மேடைக்கும் வெளியே நடக்கும் நினைவுகூர்தல் களப்பில்தான். வெள்ளை மணலும் கண்டல் காடுமாய்க் கிடக்கும் களப்பில் படகோட்டிகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு மடோல் தீவைக் காட்டப் போகிறார்கள். பள்ளிப் பருவத்தில் நாவலைப் படித்தவர்கள் தீவைச் சுற்றி வரச் சொல்கிறார்கள். படிக்காதவர்களுக்குப் படகோட்டியே கதையைச் சொல்லிவிடுகிறார். அந்த நடமாட்டம் ஆண்டு முழுவதும் உண்டு.