டவர் கிடைக்கும் மேடு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். வண்டியையே வீடாக்கி ஊர் ஊராகச் சுற்றுகிறார்களாம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. கூரையில் ஸ்டார்லிங்க் தட்டு. "மாமா, காட்டுக்குள்ள நிறுத்துனாலும் நெட்டும் வரும், டிவியும் வரும். இந்த மாதிரி நம்ம ஊர்ல உண்டா?" என்று கேட்டிருந்தான்.

உண்டு மாப்ளே. நம்ம ஊரில் அதற்குப் பெயர் கிடை.

சின்ன வயதிலேயே வீரசோழனை விட்டுப் போனவர்களுக்கு மறந்திருக்கலாம். இங்கே கண்மாய்ப் பாசன அறுவடை முடிந்ததும் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நம் பக்கத்து ராமநாதபுரம் வெள்ளை ஆடுகள்தான் பெரும்பாலும். மானாமதுரை, சிவகங்கை என்று நகர்ந்து, கோடையில் தஞ்சை, மன்னார்குடிப் பக்கம் வயலில் கிடை போடுவார்கள். புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் சம்சாரி காசு கொடுப்பார். முன்பு நெல்லாகவே கொடுத்தார்கள். மழைக்காலத்துக்கு மறுபடி மேட்டு நிலம் தேடி இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் சட்டி பானையெல்லாம் தலையில், குட்டிகள் கூட்டில். இப்போது டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானை வந்துவிட்டது. பின்னால் தார்ப்பாய் கட்டி, இளங்குட்டிகள், அரிசி மூட்டை, வலை, கம்பு, பாய் எல்லாம் அதில்தான். இரவில் பெண்கள் அதிலேயே படுத்துக்கொள்வார்கள். கழிப்பறை ஒன்றுதான் இல்லை. மற்றபடி என் மருமகன் காட்டிய வீட்டுக்கும் இதற்கும் விலையில்தான் வித்தியாசம்.

அப்படி ஒரு கிடையை வைத்திருப்பவன் என் பழைய மாணவன். பெயர் வேண்டாம். உங்களில் சிலருக்கு அவன் கூடப் படித்தவன்தான்.

2018 வாக்கில் மனைவிக்காக ஒரு டிஷ் வாங்கினான். மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ். 2006இல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச வண்ணத் தொலைக்காட்சி அவன் வீட்டுக்கும் வந்ததுதான். ஆனால் அது ஊரில் அம்மா வீட்டில் கிடந்தது. வண்டிக்கென்று பேட்டரியில் ஓடும் சின்ன டிவி ஒன்றைப் பழையதாக வாங்கினான். டிஷ் மாட்டுகிற பையனும் நம் பள்ளியில் படித்தவன்தான். அவனிடம் நானே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தச் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நகராமல் நிற்பது போல நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து எழுபது பாகை உயரத்தில். அது நிற்பது வசதி. ஆனால் வீடு நகர்கிறதே! ஒவ்வொரு முறை கிடை மாறும்போதும் குழாயை நட்டு, மட்டம் பார்த்து, தட்டைத் தடவித் தடவித் திருப்ப வேண்டும். இங்கிருந்து மன்னார்குடி போனால் திசை நாலைந்து பாகைதான் மாறும். ஆனால் ஒரு விரல் பிசகினாலும் படம் வராது. ஒருவன் தட்டைத் திருப்ப, இன்னொருத்தி டிவியைப் பார்த்து "வருது... போயிருச்சு... வருது" என்று கத்த வேண்டும். எண்பதுகளில் நாங்கள் கொடைக்கானல் கோபுரத்துக்கு ஆன்டெனாவைத் திருப்பினோமே, சில ராத்திரிகளில் இலங்கை ரூபவாகினி கூட மங்கலாகத் தெரியுமே, அதே கூத்துதான்.

(ஸ்டார்லிங்க் சங்கதி வேறு. அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தட்டு தானாகவே அவற்றைத் தொடர்ந்து பிடிக்கும். அதனால்தான் மருமகன் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.)

இதெல்லாம் பொழுதுபோக்குக் கதை. 2020 மார்ச்சில் அது மாறிப்போனது.

அவன் மகள் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கொரோனாவுக்காகப் பள்ளியையும் விடுதியையும் மூடினார்கள். மானாமதுரைப் பக்கம் கிடை போட்டிருந்தவன் வந்து பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டான். ஜூலையில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் தொடங்கியது. அரசு கேபிளில் 200ஆம் எண். கேபிள் என்பது கம்பமும் சுவரும் உள்ள வீட்டுக்கு வருவது. அவன் டிஷ்ஷில் எத்தனை தடவை தேடியும் அது வரவில்லை. ஒரு நாள் இரவு போன் செய்தான்.

"சார், வீட்டைத் தூக்கிட்டுப் போறோம். டவரைத் தூக்கிட்டுப் போக முடியலையே சார். பிள்ளை அழுகுது."

அதே பாடங்கள் யூடியூபிலும் இருந்தன. ஆக, வேண்டியது ஒரு போனும் டவரும் கரண்டும்தான். சொல்வது சுலபம். வயல்காட்டில் ஒரு கோடு இருக்கும், பேசலாம், படம் ஓடாது. கண்மாய்க் கரையில் ஏறினால் மூன்று கோடு. கீழே கருவேல மரங்களுக்குள் உட்கார்ந்தால் எதுவுமே இல்லை. எனவே அந்தப் பெண் ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லோரும் தூங்கும் விடியற்காலையில் நெட் வேகமாக இருக்கும். அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கரைமேல் ஏறி, அன்றைய பாடத்தைக் குறைந்த தரத்தில் இறக்கி வைத்துக்கொள்வாள். பகலில் குட்டிகளுக்குக் காவல் இருந்தபடி பார்ப்பாள். இரண்டு கம்பெனி சிம் போட்டிருந்தார்கள். ஒரு ஊரில் ஒன்று எடுக்கும், அடுத்த ஊரில் மற்றது. புது ஊருக்குப் போனதும் டீக்கடையில் முதலில் கேட்பது தண்ணீர் எங்கே என்று. அடுத்து, இங்கே எந்த சிம் எடுக்கும் என்று.

கரண்ட் வண்டி பேட்டரியிலிருந்து. ஒரு ராத்திரி டிவியும் போனும் சேர்ந்து உறிஞ்சியதில் காலையில் வண்டி கிளம்பவில்லை. நாலு பேர் சேற்றில் தள்ளினார்கள். அன்றோடு டிவியைச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டான். வண்டிக் கூரையில் ஒரு சின்ன சோலார் பலகை, போனுக்கு மட்டும்.

எல்லாம் சரி, சந்தேகம் வந்தால்? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பதில் வருவதற்குள் இவள் கரையை விட்டு இறங்கியிருப்பாள். எனக்கு அழைப்பாள். "சார் தாத்தா" என்றுதான் கூப்பிடுவாள். நான் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழோடு ஒன்றிலிருந்து ஐந்துவரை நடத்தியவன். பத்தாம் வகுப்பு முக்கோணவியலைப் பார்த்ததும் எனக்கே கண்ணைக் கட்டியது. வெட்கத்தை விட்டு, உங்களில் கணக்கு டீச்சராக இருக்கும் ஒருத்தியிடம் கேட்டேன். (யாரென்று அவளுக்குத் தெரியும்.) அவள் குரல் பதிவாகச் சொல்லி அனுப்புவாள். நான் அதை முதலில் கேட்டுப் புரிந்துகொண்டு அந்தப் பிள்ளைக்கு அனுப்புவேன். குரல் பதிவு ஒரு கோடு டவரிலும் போய்விடும். ஏற்றக் கோணம் மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் டிஷ்ஷிலேயே பார்த்திருக்கிறாள்.

2021 பிப்ரவரியில் அரசு எல்லோருக்கும் தேர்ச்சி அறிவித்தது. தேர்வு இல்லை. சான்றிதழில் மதிப்பெண்ணும் இல்லை. அவள் போனில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "விடியக் காலம் ஏறி இறங்குனதெல்லாம் எங்க எழுதியிருக்கும் தாத்தா?" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதினொன்றில் கணக்குப் பிரிவே எடுத்தாள்.

இத்தனையும் நான் ஏன் செய்தேன் என்று நினைப்பீர்கள். பெருந்தன்மை இல்லை.

1991 வாக்கில் அவள் அப்பன் என்னிடம் நாலாம் வகுப்பு. தை மாதம் கிடையோடு போனான், ஆனியில் பள்ளி திறந்தும் வரவில்லை. நான் பதிவேட்டில் சிவப்பு மையால் அவன் பெயரை அடித்தேன். யாரும் அடிக்கச் சொல்லி என்னை நெருக்கவில்லை. மாதாமாதம் வருகைக் கணக்குக் கூட்டும்போது அந்த ஒரு வரிசை முழுக்க 'வ' இல்லாமல் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஐப்பசியில் ஈரத் துண்டோடு வந்து வாசலில் நின்றான். "பெயர் இல்லையே" என்றேன். திரும்பிப் போனான். வாய்ப்பாடு பதினாறுவரை தலைகீழாகச் சொல்லுவான் அந்தப் பயல்.

அவனிடம் இதுவரை இதை நான் பேசியதில்லை. அவனுக்கு நினைவிருக்கிறதா என்றும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் இன்றும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்கிறான். ஒவ்வொரு முறையும் ஒரு குடுவை ஆட்டுப்பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான்.

முகநூல் கணக்கை மகள்தான் அவனுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இப்போது கிடை சிவகங்கை தாண்டிப் போய்விட்டதாகக் கேள்வி. கரைமேல் ஏறும்போது படிப்பான்.