நோட்டீஸிலிருந்து நான் அடித்த வாக்குறுதி

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு வார்டில் சுயேச்சையாக நின்றேன். தோற்றேன். தோல்வியைப் பற்றிச் சொல்ல இதை எழுதவில்லை. வீடு வீடாக நான் கொடுத்த நோட்டீஸில் முதல் வாக்குறுதியாக இருந்திருக்க வேண்டியதை அச்சுக்குப் போகும் முன் நானே அடித்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்டவர்களிடம் பொய் சொன்னேன். அடித்த இடத்தில் வேறொன்றை எழுதினேன். அது பொய்யைவிடப் பெரிய தவறு.

அப்போது எங்கள் பகுதி இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். 2011-க்குப் பிறகு எங்களுக்கு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியது நின்றுபோனது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் இல்லை, தனி அலுவலர்தான். அந்த ஆண்டுகளில்தான் காலி மனைகளெல்லாம் அடுக்குமாடிகளாயின. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து எழுபது வார்டுகளோடு மாநகராட்சி உருவானது. கழிவுநீர் லாரியும் தண்ணீர் லாரியும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்து நிற்கும் ஊரில், யாரிடம் போய்ச் சொல்வது என்றே பலருக்குத் தெரியவில்லை. குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளராக இருந்த என்னை நிற்கச் சொன்னார்கள். நாலாயிரம் ரூபாய் டெபாசிட் கட்டினேன்.

கையால் எழுதிய முதல் பட்டியலில் முதலாவதாக இருந்தது இது: எங்கள் ஏரியின் கலங்கலிலிருந்து போகும் உபரிநீர்க் கால்வாயைப் புல வரைபடத்தின்படி அளந்து மீட்பது. சாலை, தெருவிளக்கு, குடிநீர், பாதாளச் சாக்கடை, மினி பஸ் எல்லாம் அதற்குக் கீழேதான். இன்றைக்கும் அந்த வரிசை சரி என்றுதான் சொல்வேன்.

தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்று நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும்படி கட்டப்பட்டவை. வயலுக்குத் தண்ணீர் விடுவது மதகு. மிஞ்சியதை வெளியே விடுவது கலங்கல். வயல்கள் மனைகளானதும் மதகுக்கு வேலை இல்லாமல் போனது. அதோடு கலங்கலுக்கும் வேலை போய்விட்டதாக எல்லாரும் எண்ணிக்கொண்டோம். வயல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெய்கிற மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. முன்பு அதில் ஒரு பங்கை மண் குடித்தது. இப்போது மொட்டைமாடியும் கான்கிரீட்டும் அப்படியே கீழே தள்ளுகின்றன. தெருவுக்குத் தெரு மழைநீர் வடிகால் கட்டினால் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடி, அடைபட்ட கால்வாயின் வாயில் போய்த்தான் முட்டும். பழைய தார்மேல் புதுத்தார் போட்டுச் சாலையை உயர்த்தினால் தெருவில் நிற்க வேண்டியது வீட்டுக்குள் நிற்கும். கால்வாயைச் சரிசெய்யாமல் மற்றதைச் செய்தால், மேட்டிலிருப்பவன் தண்ணீரைப் பள்ளத்திலிருப்பவன் வீட்டுக்கு அனுப்ப வசதி செய்து கொடுத்ததாகத்தான் ஆகும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது 2015 டிசம்பருக்குப் பிறகு. அந்த மாதம் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. மேற்கே முடிச்சூரில் படகு விட்டார்கள். எங்கள் பக்கம் ஏரிக்குக் கீழே உள்ள மூன்று தெருக்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு, ஒரு காலத்தில் மதகு திறந்து மூடும் வேலை பார்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு கால்வாய் எங்கே போகிறது என்று பார்க்கக் கிளம்பினேன். கலங்கலிலிருந்து நடந்தோம். ஒரு கல்யாண மண்டபத்துப் பின்புறம், ஒரு மரக்கடை, பிறகு எங்கள் தெரு. என் வீட்டுக் காம்பவுண்டு சுவரருகே வந்ததும் அவர் நின்றார்.

"இங்கதான் தம்பி அது திரும்பும். இதுக்கு அந்தப் பக்கம் பார்த்தீங்கன்னா நேரா ஓடும்."

எதற்கு அந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். மனை வாங்கியபோது பின்னால் ஒரு துண்டு நிலம் புதர் மண்டிக் கிடந்தது. என் பத்திரத்தில் அது இல்லை. 2004-ல் கார் வாங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்தது போல, நானும் சுவரை நாலடி தள்ளிக் கட்டினேன். அப்படிச் சேர்த்துக்கொண்ட இடத்தில் கார் ஷெட் போட்டேன். செப்டிக் டேங்க்கையும் அங்கேயே இறக்கினேன். அப்போது கால்வாய் என்று தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். என் நிலமில்லை என்று தெரியும். 2016-ல் புல வரைபடத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். பெரியவர் காட்டிய இடம் துல்லியமாக இருந்தது. எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகள். ஒன்பதும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த நகலை ஃபைலில் வைத்து மூடினேன். ஆறு ஆண்டுகள் சங்கக் கூட்டத்தில் அதைக் காட்டவே இல்லை.

தேர்தல் வந்தபோது பட்டியலை எழுதிய கை அதை முதலில் எழுதியது. மனம் அறிந்ததைக் கை எழுதிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் அதை அடித்தேன். "ஓட்டு போயிடும், எங்க தெரு முழுக்க எதிராயிடும்" என்று நண்பர்களிடம் சொன்னேன். அரசியலில் நிற்பவன் சொன்னால் எல்லாரும் ஏற்றுக்கொள்ளும் காரணம் அது. உண்மை அதுவல்ல. அளக்க வந்தால் முதல் கல் என் கார் ஷெட்டுக்குள்தான் நடப்படும். அதுதான் பயம்.

அடித்த இடத்தில் இப்படி எழுதினேன்: ஏரிக்கரை ஆக்கிரமிப்புகளை அகற்றி நடைபாதை அமைப்பது. கரையில் இருபது குடிசைகள் இருந்தன. எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி இஸ்திரி போடுபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் கால்வாயில் இல்லை, கலங்கலிலும் இல்லை. கலங்கல் எதிர்க்கோடியில் இருக்கிறது. அந்தக் குடிசைகளை எடுத்தாலும் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக வடியாது என்பதை அந்த வார்டில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆனால் அந்த வாக்குறுதிக்குத்தான் நான் போன தெருக்களிலெல்லாம் தலையசைத்தார்கள்.

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அம்மா நோட்டீஸை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மாலையில் துணி கொடுக்க வந்தபோது, "சார், எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிடுவாங்களா? இங்க வுட்டா எனக்கு வேலையே இல்லையே" என்றார். குடிசைகளை அகற்றினால் குடியமர்த்தும் இடம் அது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, பார்த்துக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. பம்மலில் நடந்ததற்கு முதலமைச்சரே வந்தார். தெருவில் இருப்பவன் எழுந்து நின்று பேசலாம் என்று சட்டமே இடம் கொடுத்தது. எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு இரண்டு முறை போனேன். தெருவிளக்கைப் பற்றிப் பேசினேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. என் சுவர் உயரமானது. சுவரில் முட்டிய தண்ணீர் பக்கவாட்டில் திரும்பிக் கீழ்த்தெருவுக்குப் போனது. மூன்றாம் நாள் அங்கே போனேன். தரைத்தளத்தில் ஒரு வீட்டில், பத்தாம் வகுப்புச் சான்றிதழ்களைப் பெண்ணொருத்தி மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பரப்பிக்கொண்டிருந்தாள். மின்சாரம் இல்லை. மின்விசிறி சுற்றவில்லை. என்றாலும் அதற்கு நேர்கீழேதான் பரப்பியிருந்தாள். வீடெல்லாம் மலநாற்றம். எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை கிடையாது, ஒவ்வொரு வீட்டுக்கும் டேங்க்தான். கால்வாய்க்குள் இறக்கிய என் டேங்க்கை ஒட்டி ஓடிய தண்ணீர்தான் அந்த வீட்டுக்குள் நின்றது. அந்தப் பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "நீங்க ஜெயிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது சார்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் மிக வெட்கப்படும் மௌனம் அது.

கார் ஷெட்டை இடித்துவிட்டேன். சுவரைப் பத்திரத்தில் உள்ள எல்லைக்குள் தள்ளிக் கட்டினேன். கால்வாய் முழுவதையும் அளக்கச் சொல்லி மனு கொடுத்தேன். அதில் என் புல எண்ணை முதலில் எழுதியிருக்கிறேன். பக்கத்து எட்டு வீடுகளில் ஆறு பேர் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. எல்லாரும் சேர்ந்து மறைத்ததை ஒருவன் மட்டும் வெளியே சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும். அதை 2016-லேயே அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். டேங்க் இன்னும் அங்கேதான் இருக்கிறது. முன்பக்கம் மாற்றுவதற்கான பணம் பாதிதான் சேர்ந்திருக்கிறது.

இஸ்திரி போடும் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கால்வாய் எங்கே போகிறது, என் சுவர் எங்கே இருந்தது என்று கையால் காட்டினேன். கரிப்பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ நோட்டீஸ்ல எங்களை ஏன் சார் போட்டீங்க?"

"உங்களைச் சொன்னா என்னை யாரும் கேட்கமாட்டாங்கம்மா. அதுக்குத்தான்."

அவர் எதுவும் சொல்லவில்லை. என் துணிகளை எண்ணி, பதினொன்று என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.