ஐந்து டாக்டர், ஒரு நோட்டு

முன்பெல்லாம் ஒரு குடும்பத்துக்கு ஒரே டாக்டர்தான். தாத்தாவின் இழுப்பும் அவருக்குத் தெரியும், பேத்தியின் பால் பல் விழுந்ததும் தெரியும். இப்போது சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர். வைத்தியம் வளர்ந்திருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் இந்த நாலு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லையே! அவர்களுக்கு நடுவே ஓடுவது நாம்தான். கையில் ஒரு பை, அதற்குள் கசங்கிய சீட்டுகள்.

என் மாமியாருக்கு 76 வயது. சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி எல்லாம் உண்டு. நாங்கள் தஞ்சாவூரில் இருக்கிறோம். சென்ற வருஷம் அத்தை ஒரு மாதம் கோயமுத்தூரில் நாத்தனார் வீட்டில் இருந்தார். அங்கே ஒரு நாள் தலை கனக்கிறது என்று ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரைகளோடு அதையும் அத்தை வேளை தவறாமல் சாப்பிட்டார். அட்டையின் நிறம் வேறு, கம்பெனிப் பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்து என்னவோ ஒன்றுதான். அம்லோடிபின்!

ஊர் திரும்பியதும் இரண்டு காலும் வீங்கின. இதய டாக்டரிடம் போனோம். எக்கோ எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றார். வீக்கம் வடிய நீர் பிரியும் மாத்திரை எழுதினார். அவருடைய ஃபைலில் அவர் எழுதிய மருந்துகள் மட்டும்தான் இருந்தன. அதன் பிறகு ராத்திரிக்கு நாலு தடவை பாத்ரூம். ஒரு விடியற்காலையில் எழுந்த அத்தை தள்ளாடி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிடி கிடைக்காமல் விழுந்திருந்தால்? அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கே வீட்டில் இருந்த மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு முறத்தில் கொட்டி, எங்கள் தெரு டாக்டரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது ரெண்டும் ஒரே மருந்து. டோஸ் கூடினதால கால் வீங்கியிருக்கு. வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அது ரத்தத்துல உப்பைக் குறைச்சிருக்கும், அதான் தள்ளாட்டம்" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்துதான் இருந்தது. இதய டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, இரண்டு மாத்திரைகளை நிறுத்தினார். வீக்கம் வடிந்தது, தள்ளாட்டமும் நின்றது. யோசித்துப் பார்த்தால், மூன்று டாக்டரும் அவரவர் கண்ணில் பட்டதற்குச் சரியாகத்தான் மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூவரின் சீட்டும் ஒரே மேஜைக்கு வராததுதான் வினை.

நர்ஸிங் படிக்கும் என் தங்கை மகள் லீவுக்கு வந்திருந்தாள். "இதையெல்லாம் கணக்குப் போட்டே அளக்கலாம் பெரியம்மா" என்றாள். ஒரு வருஷத்துச் சீட்டுகளைப் பரப்பினோம். மொத்தம் 14 தடவை, 5 டாக்டர்கள். தெரு டாக்டரிடம் 6, இதயத்துக்கு 3, மூட்டுக்கு 2, கண்ணுக்கு 2, கோயமுத்தூரில் 1. அதிகம் பார்த்த டாக்டரின் எண்ணிக்கையை மொத்தத்தால் வகுக்க வேண்டுமாம். 14-க்கு 6, அதாவது நூற்றுக்கு 43. இது ஒரு அளவு. அமெரிக்காவில் 1977-இல் பைஸ், பாக்ஸர்மன் என்ற இருவர் இன்னொரு கணக்கு சொன்னார்களாம். எல்லாத் தடவையும் ஒரே டாக்டர் என்றால் 1, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டர் என்றால் 0. அத்தைக்கு வந்தது 0.22.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 9 நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018-இல் ஒரு கட்டுரை வந்ததாம். அவற்றில் 18 ஆய்வுகளில், ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் இறப்பு குறைவாக இருந்திருக்கிறது.

"அதுக்காக கண்ணையும் தெரு டாக்டரே பார்ப்பாராடி?" என்று கேட்டேன்.

"அதான் பெரியம்மா, இது பாதிக் கதைதான். பல டாக்டர்கிட்ட போறது தப்பில்லை. ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியுதாங்கறதுதான் மீதிக் கதை" என்றாள்.

அதையும் எண்ணினோம். மற்ற டாக்டர் கொடுக்கும் மருந்தைக் குறித்திருந்த சீட்டு, 14-இல் மூன்றே மூன்று! தொடர்ச்சி ஒன்று, ஒருங்கிணைப்பு வேறொன்று என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதலாவது குறைவாக இருந்தாலும், இரண்டாவது நன்றாக இருந்தால் பயமில்லை.

இப்போது எங்கள் வீட்டில் 80 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் அத்தையின் நோய்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து. அடுத்ததில் எல்லா மாத்திரைகளும். கம்பெனிப் பெயரோடு அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதுகிறேன். யார் எழுதியது, எதற்காக, எந்தத் தேதியிலிருந்து என்பதும் உண்டு. கடையில் நாமே வாங்கும் வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவும் விடுவதில்லை. வலி மாத்திரைகளில் சில பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால் இது முக்கியம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் நோட்டைத்தான் நீட்டுகிறேன். யார் மருந்தை மாற்றினாலும், அடுத்த முறை தெரு டாக்டரிடம் காட்டிவிடுகிறேன். அத்தை ஊருக்குப் போனால் நோட்டும் கூடப் போகிறது.

தமிழ்நாட்டில் 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தது. அதில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், வெளியே தனியார் டாக்டரிடமும் காட்டினால், இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே மருந்து இரண்டு வழியாக வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். முறத்தில் கொட்டிப் பார்த்துவிட்டு, ஒரே மருந்து போலிருக்கிறதே என்று நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் கெடுதல் செய்யும் மருந்துகளும் உண்டு. டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இந்த வருஷம் ஆறு மாதத்தில் 8 தடவை போயிருக்கிறோம். இப்போதும் நாலு டாக்டர்தான். ஆனால் 7 சீட்டுகளில் மற்ற மருந்துகளும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அத்தை ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார்.

பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு ஒரு பாரமா என்ன? உங்கள் வீட்டுப் பெரியவர்களின் சீட்டுகளை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன்.