பத்து வருஷம் மேத்ஸ் படிச்சா ராஜா!

நாட்டை ஆள ஆசையா பாஸ்? 20 வயதிலிருந்து 30 வரைக்கும் கணக்கு படிக்கணும். அடுத்த 5 வருடம் தர்க்கம். அப்புறம் 15 வருடம் அரசாங்க வேலைகளில் அடிபட்டு அனுபவம். 50 வயதில் ஆட்சி கையில்! கிட்டத்தட்ட 2,400 வருடங்களுக்கு முன்னால் பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலில் போட்ட சிலபஸ் இது. எம்-1, எம்-2, எம்-3-க்கே நாக்குத் தள்ளுகிற நமக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.

பிளேட்டோவுக்கு ஏன் இந்தக் கோபம்? கி.மு. 399-ல் அவருடைய குரு சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்தது எந்தக் கொடுங்கோலனும் இல்லை. ஏதென்ஸ் குடிமக்கள் சுமார் 500 பேர் உட்கார்ந்து, ஓட்டுப் போட்டுக் கொடுத்த தண்டனை. அப்போது பிளேட்டோ முப்பதைத் தொடாத இளைஞர். ‘கூட்டத்துக்கு என்ன தெரியும்?’ என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சர்யமே இல்லை.

என் ஹாஸ்டல் நண்பனுக்கும் அதே எண்ணம்தான். “கரன்ட் போனா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவியா, தெருவைக் கூட்டி ஓட்டு எடுப்பியா? பேசாம ஏ.ஐ.கிட்ட நாட்டைக் கொடுத்துடலாம் மச்சி!” என்பான். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க படிவம் 6 வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு மாசமாக அது அவன் ரெக்கார்டு நோட்டுக்குள் தூங்குகிறது. ஆள் மக்கு இல்லை. எங்கள் கிளாஸ் டாப்பர். அதனால்தான் எனக்குக் கவலை.

அதே ‘குடியரசு’ நூலில் இன்னொரு பக்கம் இருக்கிறது. யார் யாரோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்பதை அங்கே அரசே தீர்மானிக்கும். வெளியே சொல்வது சீட்டுக் குலுக்கல். உள்ளே குலுக்கலில் தில்லுமுல்லு! நல்ல ஜோடி கிடைக்காதவன் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ளட்டும், ஆள்பவரைத் திட்ட வேண்டாம் என்று ஏற்பாடு. சிலர் பிறக்கும்போதே தங்கம் கலந்து பிறந்தவர்கள், சிலர் வெள்ளி, மற்றவர்கள் இரும்பு, வெண்கலம் என்று ஒரு கட்டுக்கதையும் மக்களை நம்பவைக்க வேண்டுமாம். இத்தனை அறிவாளிகள் ஆளும் நாட்டில் எதற்கு இவ்வளவு பொய்?

1980-களில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வைப் படித்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். 2021-ல் நடக்கிற கதை அது. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். பெயர்கள்கூட இரண்டே எழுத்தில். ஜீவா என்கிற தலைவர் திரையில் வந்தால் ஜனங்கள் உருகுவார்கள். கடைசியில் பார்த்தால்... (படிக்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்) ஜீவா என்று ஓர் ஆளே கிடையாது. வெறும் ஹோலோகிராம்!

ஐசக் அசிமோவ் 1955-ல் எழுதிய ‘ஃபிராஞ்சைஸ்’ சிறுகதை இன்னும் நைஸாகக் குத்துகிறது. 2008-ல் நடப்பதாகக் கதை. மல்டிவேக் என்கிற கம்ப்யூட்டர் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே ஒரு வாக்காளரைத் தேர்ந்தெடுக்கிறது. கடையில் வேலை பார்க்கும் நார்மன் முல்லர்! ‘யாருக்கு ஓட்டு?’ என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. முட்டை விலை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்கிற ரேஞ்சில் கேள்விகள். பதிலை வைத்து மெஷின் கணக்குப் போட்டு அறிவித்துவிடுகிறது. முதலில் பயந்து நடுங்கியவர், கடைசியில் நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் அந்தப் பெருமைதான்.

“சரிடா, பொய்யே சொல்லாத மெஷின் ஒண்ணு செஞ்சா?” என்றான் நண்பன். நியாயமான கேள்வி. ஆனால், எதை மேக்ஸிமைஸ் பண்ணணும்னு சொல்லாமல் எந்த ப்ரோக்ராமும் ஓடாதே! அதை யார் சொல்வது? அவனுடைய எலெக்ட்ரீஷியனையே எடுத்துக்கொள்வோம். வயரிங் அவருக்குத்தான் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஸ்விட்ச்சை எந்த உயரத்தில் வைப்பது? வீட்டில் இருக்கிற பாட்டிக்குக் கை எட்டுமா, எட்டாதா என்பதைப் பாட்டிதான் சொல்ல வேண்டும்.

சுஜாதாவும் இன்ஜினீயர்தான். பெங்களூரு பி.இ.எல்.லில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஹோலோகிராம் தலைவரைக் கற்பனை செய்த அதே மூளை! நம் நாட்டில் எந்திரத்தில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1982-ல், கேரளாவின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். கேஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எந்திரத்தில் ஓட்டுப் போடச் சட்டத்தில் இடம் இல்லை என்று சொல்லி, அந்த 50 சாவடிகளிலும் மறுபடி வாக்குச்சீட்டில் தேர்தல் நடத்தச் சொல்லிவிட்டார்கள், 1984-ல். சட்டம் திருத்தப்படும்வரை மெஷின் காத்திருந்தது. எல்லா மக்களவைத் தொகுதிகளுக்கும் அது வந்து சேர 2004 ஆகிவிட்டது.