ஒரு பெட்டி, இரண்டு இருக்கை

பிள்ளைகள் இருவர் என்றால் கணினியும் இரண்டு வேண்டும் என்று சொல்லாத வீட்டை கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடிகளில் நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். திரை இரண்டு வேண்டும். விசைப்பலகையும் சுட்டியும் இரண்டிரண்டு வேண்டும். பெட்டி எதற்கு இரண்டு? கூகுள் மீட் வகுப்பும் ஒரு வேர்ட் ஆவணமும் திறந்திருக்கும்போது இன்றைய செயலியின் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கிறது.

2020 மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதுதான், ஒரே பெட்டியை இருவருக்குப் பிரித்துக் கொடுக்கும் இந்த வேலைக்கு மதிப்புக் கூடியது. அப்போது கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. இல்லிருப்புக் கற்றல் என்ற பெயரில் ஒரே நேரத்தில் அக்காளுக்கும் தம்பிக்கும் வகுப்பு. ஒருவர் கணினியிலும் மற்றவர் அப்பாவின் கைப்பேசியிலும் உட்கார்ந்தார்கள். அப்பா வேலைக்குப் போனால் கைப்பேசியும் கூடவே போய்விடும்.

ஒரு கணினியில் பலர் என்பது புதிதல்ல. 1961இலேயே எம்ஐடியில் கோர்பட்டோ குழுவினர் ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பகிர்ந்து காட்டிவிட்டார்கள். பிரேசிலின் பரானா மாநில அரசுப் பள்ளிகளில் ஒரு பெட்டிக்கு நான்கு மாணவர் என்று லினக்ஸில் அமைத்தார்கள். பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் 2006 வாக்கில் வேறு வழியில் போனது: ஒரே திரையில் பல சுட்டிகள், பிள்ளைக்கு ஒரு நிறத்தில் அம்புக்குறி. சுட்டியைப் பிடித்த பிள்ளை மட்டும் கற்க, சுற்றியிருப்பவர்கள் வேடிக்கை பார்க்கும் நிலையை மாற்றத்தான் அந்த முயற்சி. பள்ளிக்கு அது நல்ல யோசனை. வீட்டுக்கு ஆகாது, வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி வேலை இருக்கிறது.

என்னைக் கேட்டால் இது கணினி வேலையைவிடப் பாகப்பிரிவினை வேலை. எந்த ஒயர் யாருக்கு என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் பிறகு தகராறு இல்லை.

லினக்ஸில் இதற்கு லாகின்சிடிஎல் என்ற கட்டளை இருக்கிறது. 'சீட் 0' என்ற இருக்கை எப்போதும் இருப்பது. 'சீட் 1' நாம் உருவாக்குவது. இரண்டாவது திரை அட்டையைச் சீட் 1க்கு ஒதுக்கியதும் அந்தத் திரையில் தனி உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். விசைப்பலகை, சுட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. ஆளுக்கு ஒரு யூஎஸ்பி ஹப் கொடுத்து, ஹப்பையே அந்த இருக்கைக்கு ஒதுக்கிவிடுவேன். பிறகு அந்த ஹப்பில் பென்டிரைவ் செருகினாலும் கேமரா செருகினாலும் அந்தப் பிள்ளைக்கே போகும். ஹப்பைச் செருகிய துளையை மட்டும் மாற்றக்கூடாது. துளை மாறினால் முகவரி மாறிவிடும். அதனால் பெட்டியின் பின்பக்கத்தில் அந்தத் துளைக்கு மேல் பெயர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வருவேன்.

ஒலிக்கும் இதே கதைதான். போர்டில் இருக்கும் ஒலித்துளை ஒருவருக்கே. மற்றவருக்கு யூஎஸ்பி ஹெட்செட் வாங்கி அவர் ஹப்பில் செருக வேண்டும். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். ஒரே மேசையில் இரண்டு வகுப்பு நடக்கும்போது கணித ஆசிரியரின் குரல் மலாய் வகுப்பில் கேட்கும்.

"அங்கிள், தம்பி கேம் தொறந்தா என் கிளாஸ் ஹேங் ஆவுதே" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பங்கு வைத்திருக்கிறது. செயலி நேரத்தை இருவருக்கும் சம எடையாக வைத்து, 16 ஜிபி நினைவகம் இருந்தால் ஆளுக்கு 7 ஜிபி என்று வரம்பு போடுகிறேன். வரம்பைத் தாண்டியவரின் நிரல்கள்தான் திணறும், பக்கத்து இருக்கை தப்பிக்கும். வன்தட்டு மட்டும் பழைய சுழலும் வகையாக இருந்தால் எந்த வரம்பும் பெரிதாக உதவாது. எஸ்எஸ்டி போடாமல் இந்த வேலைக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

மின்பொத்தான் ஒன்றுதான். ஒருவர் வகுப்பு முடிந்து அதை அழுத்தினால் மற்றவர் தேர்வு நடுவில் இருட்டாகிவிடும். அமைப்புக் கோப்பில் அந்தப் பொத்தானைக் 'கண்டுகொள்ளாதே' என்று மாற்றுவது ஒரு வரி வேலைதான். அதை விட்டுவிட்டு வந்தால் வேலை பாதிதான் முடிந்தது.

கணக்குகள் தனித்தனி என்பதால் ஒரு வசதியும் கிடைக்கிறது. தமிழ்த் தட்டச்சுக்கு ஒருவர் இருக்கையில் தமிழ் 99, இன்னொருவர் இருக்கையில் ஒலிப்பு முறை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில் பழகிய அப்பாக்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களுடைய விரல்களை மாற்றச் சொல்லவே கூடாது.

விண்டோஸ் வீட்டுப் பதிப்பில் இந்த ஏற்பாடு இல்லை. ஆஸ்டர் என்று விலைக்கு வாங்கும் மென்பொருள் இருக்கிறது. பள்ளிப் பாடத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை. இருவரும் பெரிய விளையாட்டுகளே ஆட வேண்டும் என்றால் மட்டும் இரண்டு பெட்டி வாங்கிவிடுங்கள்.

செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ஏறி, ஹங் துவாவில் மோனோரயில் மாறி, இம்பியில் இறங்கி லோயாட் பிளாசாவுக்குக் கணினி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் உள்ளமைந்த திரை வசதி இல்லை; ஒருவரின் திரைக்கு அதுதான் தேவை. விலை குறைகிறதே என்று எடுத்துவிடாதீர்கள். தனித் திரை அட்டை செருகிய பின்னும் போர்டின் சொந்தத் திரைத்துளை வேலை செய்யுமா, பயாஸில் அதற்கு அமைப்பு உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். காசு கொடுப்பதற்கு முன் இரண்டு துளையிலும் திரையைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.