தூக்கின ஜீப்பும் ரெண்டு கம்பியும்

வண்டியைத் தூக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. பழைய ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு நீளமான ஸ்பிரிங்கை வெச்சா வண்டி தானா மேல போயிடும். ஒரு சனிக்கிழமை போதும். தூக்கின வண்டியை ரோட்டுல நேரா ஓட வைக்கறது இருக்கு பாருங்க, அதுக்கு எனக்கு நாலு வாரக்கடைசி ஆச்சு.

நம்ம வண்டி 1990 மாடல் ஜீப் கமான்ச்சி. பேர் கேள்விப்படாதவங்களுக்கு: ஜீப் செரோக்கியோட முன்பாதியை வெச்சுக்கிட்டு, பின்னாடி சாமான் தொட்டி வெச்ச பிக்கப். 1986 மாடல்ல ஆரம்பிச்சு 1992 மாடலோட நிறுத்திட்டாங்க. நான் வாங்கும்போதே முன்னாடி வெச்சிருந்தவர் மூணு இஞ்ச் தூக்கியிருந்தார். கொலராடோவுல இருந்துக்கிட்டு மலைப்பாதைக்குப் போகாம இருக்க முடியுமா? யூரேயில இருந்து டெல்லுரைடுக்குப் போற இமோஜீன் பாஸ், 13,114 அடி உசரம். அங்க போகணும்னு ரொம்ப நாள் ஆசை.

ஆசையில மண்ணைப் போட்டது ஐ-70 நெடுஞ்சாலை. தங்கமணிதான் ஓட்டிக்கிட்டு வந்தாங்க, நான் பக்கத்துல. அம்பத்தஞ்சு மைல் வேகம். ஒரு பாலத்தோட இணைப்பு மேல ஏறி இறங்குச்சு, அவ்வளவுதான். முன்சக்கரம் ரெண்டும் சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பிச்சுது. ஸ்டியரிங் கையில நிக்கல, கண்ணாடியில எதுவும் தெரியல. நல்லவேளை, தங்கமணி ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டாம, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வேகத்தைக் குறைச்சு ஓரங்கட்டிட்டாங்க. இதுக்கு இங்க வெச்சிருக்கற பேரு 'டெத் வாபிள்'. பேர் வெச்சவன் மிகைப்படுத்தல.

"ஏங்க, இதை வித்துடுங்க. இல்ல சரி பண்ணுங்க. அதுவரைக்கும் நானும் பொண்ணும் இதுல ஏறமாட்டோம்." மேல்முறையீடு கிடையாது.

கடையில காமிச்சா, "ஸ்டியரிங் ஸ்டெபிலைசர் மாத்துங்க, சரியாயிடும்"னாங்க. அது ஸ்டியரிங் கம்பியில மாட்டற ஒரு ஷாக் அப்சார்பர். ஆட்டத்தை அமுக்கும், ஆட்டம் எங்கேர்ந்து வருதோ அதைத் தொடாது. பல் வலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டே சொத்தையை விட்டு வெக்கற கதை. வேண்டாம்னுட்டு வந்துட்டேன்.

இப்ப கொஞ்சம் உள்ள போவோம். கமான்ச்சியில முன்சக்கரம் ரெண்டும் ஒரே இரும்பு அச்சுல இருக்கு. ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கும். அச்சு முன்ன பின்ன போகாம நாலு கன்ட்ரோல் ஆர்ம் பிடிச்சிருக்கும். பக்கவாட்டுல போகாம பிடிக்கறது ஒரே ஒரு கம்பிதான், ட்ராக் பார். கிட்டத்தட்ட அதே மாதிரி சாய்வா இன்னொரு கம்பி, ட்ராக் லிங்க். ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்தைத் திருப்பறது இது. இங்கிலீஷ்ல ரெண்டும் வேற வேற எழுத்து, தமிழ்ல எழுதினா அண்ணன் தம்பி மாதிரி நிக்குது :-) அதனால முதல் கம்பியைக் குறுக்குக்கம்பின்னும், ரெண்டாவதை இழுகம்பின்னும் சொல்லிக்கறேன். விஷயமே இந்த ரெண்டு கம்பிலதான் இருக்கு.

குறுக்குக்கம்பியோட ஒரு முனை டிரைவர் பக்கம் சட்டத்துல, இன்னொரு முனை அந்தப் பக்கம் அச்சுல. வண்டியைத் தூக்கினா கம்பி செங்குத்தா சாயும். நீளம் மாறாது இல்லையா, அதனால அச்சையே டிரைவர் பக்கம் இழுத்துடும். நம்ம வண்டியில அளந்தேன், அரை இஞ்சுக்கு மேல.

சக்கரம் மேடு பள்ளத்துல ஏறி இறங்கும்போது ரெண்டு கம்பியும் ஆளுக்கொரு வட்டம் போடும். ரெண்டும் இணையா இருந்தா வட்டமும் ஒண்ணா போகும், ஸ்டியரிங் சும்மா இருக்கும். சாய்வு வேற வேறயா இருந்தா ஒவ்வொரு குழியிலயும் வண்டி தானா திரும்பும். முன்னாடி வெச்சிருந்தவர் என்ன பண்ணியிருந்தார்னா, கீழ்நோக்கி வளைஞ்ச பிட்மேன் ஆர்ம் ஒண்ணை மாட்டி இழுகம்பியை மட்டும் படுக்கையாக்கிட்டார். குறுக்குக்கம்பி பழைய சாய்வுலயே நிக்குது. லிஃப்ட் கிட் கூட அந்த ஆர்ம் கிடைக்குதேன்னு மாட்டறவங்க நிறைய பேர்.

ஆட்டத்துக்கு இது மட்டும் காரணம் இல்லை. அதைக் கண்டுபிடிச்சது நம்ம பொண்ணு. எஞ்சின் ஓட, சக்கரம் தரையில இருக்க, அவ ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசா ஆட்டினா. நான் டார்ச்சோட கீழ படுத்திருந்தேன். குறுக்குக்கம்பி சட்டத்துல சேர்ற பால் ஜாயின்ட் கடக் கடக்னு அசையுது. அஞ்சு நிமிஷம், செலவு பூஜ்யம். டெத் வாபிள் வந்தா யாரும் முதல்ல பண்ண வேண்டிய சோதனை இதுதான்.

நீளம் மாத்தக்கூடிய குறுக்குக்கம்பி வாங்கி, அச்சு நடுவுக்கு வர்றமாதிரி வெச்சு மாட்டினேன். வளைஞ்ச ஆர்மைக் கழட்டிட்டு கம்பெனி ஆர்மையே திரும்பப் போட்டேன். இப்ப ரெண்டும் சாய்வுதான், ஆனா இணையா. அந்த ஆர்மைக் கழட்டறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துச்சு. புல்லரை இறுக்கிக்கிட்டே போனா ஒண்ணும் நடக்காது, திடீர்னு துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தத்தோட கழண்டுக்கும். மாட்டும்போது அந்த நட்டுக்கு 185 அடி-பவுண்டு முறுக்கு. நீளமான டார்க் ரென்ச்சும் நேத்து சாப்பிட்ட சாப்பாடும் வேணும்.

பால் ஜாயின்ட் கழட்ட கவட்டை மாதிரி ஒரு சாமான் விப்பாங்க. திரும்ப மாட்டப்போற ஜாயின்ட்டுன்னா அதைத் தொடாதீங்க, ரப்பர் உறை கிழிஞ்சுடும். நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விட்டுட்டு, ஜாயின்ட் உக்கார்ற இரும்போட பக்கத்துல சுத்தியலால ஓங்கி ரெண்டு போட்டா விட்டுடும். மாட்டும்போது ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேரா வரலேன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கணும். தளர்த்தி சேர்க்கற வேலையே கூடாது.

அடுத்தது காஸ்டர். சைக்கிள் கையை விட்டாலும் நேரா போறதுக்கு முன் ஃபோர்க் பின்பக்கமா சாஞ்சிருக்கறதும் ஒரு காரணம். காருக்கும் அதே கணக்கு. தூக்கினா அந்தச் சாய்வு குறையும், நம்மளது மூணரை டிகிரிக்கு இறங்கியிருந்துச்சு. கீழ் கன்ட்ரோல் ஆர்ம் ரெண்டையும் நீளம் மாத்தற வகையா போட்டு, அச்சோட அடிப்பக்கத்தை முன்னாடி தள்ளி ஆறுக்குக் கொண்டுவந்தேன். அதுக்கு மேல போனா முன் ஷாஃப்ட்டோட கோணம் கெட்டுப்போகும், அதனால அங்கயே நிறுத்திட்டேன். ஆர்ம் போல்ட்டை எல்லாம் வண்டியைத் தரையில இறக்கி, எடை உக்கார்ந்த அப்புறம்தான் முழுசா இறுக்கணும். தூக்கி வெச்சிருக்கும்போதே இறுக்கினா புஷ் ரப்பர் முறுக்கின நிலையிலயே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுடும். இது தெரியாத மெக்கானிக்கும் உண்டு.

டோ-இன்னை டேப் வெச்சு தோராயமா சேர்த்துட்டு, அலைன்மென்ட் கடைக்குப் போய் முடிச்சேன். அப்புறம் தனியா அதே பாலம். அம்பத்தஞ்சு. அறுபது. அறுபத்தஞ்சு. ஸ்டெபிலைசரையும் கழட்டி வெச்சுட்டுத்தான் போனேன், அது எதையும் மறைச்சுடக் கூடாதுன்னு. ஆட்டம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தங்கமணி நம்பல. சாவியை வாங்கிக்கிட்டு, பொண்ணை வீட்டுல விட்டுட்டு, என்னைப் பக்கத்து சீட்டுல ஏத்திக்கிட்டு அதே பாலத்துக்குப் போனாங்க. மூணு தடவை. மூணாவது தடவை ஒரு கையில ஸ்டியரிங்.

500 மைல் கழிச்சு எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரென்ச் போட்டுப் பார்த்தேன், ரெண்டு நட்டு கால் சுத்து வாங்குச்சு. அதையும் இறுக்கியாச்சு. இமோஜீன்ல பனி உருகி பாதை திறக்க ஜூலை ஆகிடும். இப்போதைக்கு நடுசீட்டு யாருக்குன்னு வீட்டுல சண்டை நடக்குது.