உறங்காத கார்

மணவாள நகரில் வாழ்ந்து, திருவள்ளூரில் இரயிலேறிச் சென்னைக்குப் பணிக்குச் செல்வோரின் புதிய கார் நாட்கணக்காக வாயிலில் நிற்பதுண்டு. நிற்பினும் அஃது உறங்குவதில்லை. பூட்டும் கடிகாரமும் கணிப்பொறியும் பேட்டரியின் மின்சாரத்தைத் துளித்துளியாகப் பருகிக்கொண்டேயிருக்கும். ஒருநாள் பொத்தானை அழுத்தினால் 'டக்டக்' என்னும் ஓசையே எழும். உடனே பேட்டரி இறந்ததென்று தீர்ப்பளித்தல் முறையன்று. நிறைந்த பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட்டுக் காட்டும். 12-க்குக் கீழ் இறங்கின், பசித்திருக்கிறது என்க.

அயலார் காரிலிருந்து மின்சாரம் கடன்பெறுங்கால் விழிப்பு வேண்டும். முதற்கண் சிவப்புக் கம்பியால் நேர்முனைகளை இணைத்தல் வேண்டும். பின்னர்க் கருப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் பூட்டி, மறுநுனியை நின்றுபோன காரின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரிக்கு அப்பால் கவ்வச் செய்க. அவசரத்தில் எதிர்முனையிலேயே மாட்டுவாரும் உளர், அது துணிவன்று. பேட்டரியினின்று ஹைட்ரஜன் வாயு கசியும்; இறுதி இணைப்பில் தெறிக்கும் பொறி அதனைப் பற்றினால், கலம் வெடித்து அமிலம் கண்ணில் பாயும்.